கர்னலை மாற்றி நிறுவிய பின் விஎம் எழ மறுக்கிறதா?

கேள்வி: லினக்ஸின் கேவிஎம் மென்பொருளில் ஓடும் என் உபுண்டு 22.04 விஎம்-இல் (மெய்நிகர் கணினி) ஒரு டிரைவர் சிக்கலுக்காக, இயங்குதளத்தின் மையமான கர்னலை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன். நடுவில் ஏதோ பிழைச் செய்தி ஓடியது. கவனிக்காமல் நானே, பூட் மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளையையும் கொடுத்து ரீபூட் செய்தேன். இப்போது 'கர்னல் பேனிக்' என்று நின்றுவிடுகிறது. கடைசி வரியில் 'அன்நோன்-பிளாக்(0,0)' என்று இருக்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: டிஸ்க் போகவில்லை. பெரும்பாலும் கர்னலும் நன்றாகவே இருக்கும். அதோடு சேர்ந்து வர வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்புதான் (எழும்போது கர்னலுக்குத் தேவையான நிரல்களும் டிரைவர்களும் அடங்கியது; பூட் அடைவில் இனிட்ஆர்டி என்ற பெயரில் இருக்கும்) காணாமல் போயிருக்கிறது.

உபுண்டுவில் ரூட் பார்ட்டிஷன் (இயங்குதளம் இருக்கும் பகுதி) எது என்பதை, கணினியை எழுப்பும் கிரப் நிரல் பொதுவாக யூயூஐடி என்னும் அடையாள எண்ணால்தான் கர்னலுக்குச் சொல்கிறது. ஃபைல்சிஸ்டத்தின் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை கர்னலுக்குத் தெரியாது. இனிட்ராம்எஃப்எஸ்-க்குள் இருக்கும் நிரல்கள்தான் அதைச் செய்கின்றன. அந்தக் கோப்பு இல்லையென்றால், டிஸ்க் கண்ணெதிரே இருந்தாலும் எது ரூட் என்று கர்னலுக்குப் புரியாது. 0,0 என்றால் 'எந்தச் சாதனமும் கிடைக்கவில்லை' என்று பொருள். பேனிக் வரிக்குச் சற்று மேலே விடிஏ, விடிஏ1 என்று (விஎம்-இன் டிஸ்க்கும் அதன் பார்ட்டிஷனும்) பட்டியல் தெரிந்தால் இதுதான் கோளாறு என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட பிழைச் செய்தி, பூட் பார்ட்டிஷனில் இடமில்லை என்பதாகத்தான் இருக்கும். கர்னல் கோப்பு சிறியது. இனிட்ராம்எஃப்எஸ் அதைப்போல் பல மடங்கு. முதலாவது எழுதப்பட்டு இரண்டாவது பாதியில் நின்றிருக்கும். அந்த நிலையில் நீங்கள் அப்டேட்-கிரப் கொடுத்ததும், இருந்ததை வைத்து, இனிட்ஆர்டி வரியே இல்லாமல் மெனுவை அது எழுதிவிட்டது.

முதலில் விஎம்-ஐ அணைத்து ஸ்னாப்ஷாட் எடுங்கள், அல்லது டிஸ்க் கோப்பை அப்படியே நகலெடுங்கள். நிஜக் கணினியில் கிடைக்காத வசதி இது.

அடுத்து கிரப் மெனு. பயாஸ் விஎம் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப். கன்சோல் சாளரத்துக்குள் ஒருமுறை கிளிக் செய்தால்தான் விசை உள்ளே போகும். எஸ்கேப்பைப் பதற்றத்தில் பலமுறை தட்டினால் மெனுவைத் தாண்டி கிரப் பிராம்ப்டில் போய் விழுவீர்கள். எனக்கு அது வழக்கம். மெனுவில் அந்தக் கர்னல் வரியில் நின்று 'இ' அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரிக்குக் கீழே இனிட்ஆர்டி என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் இதுதான் கோளாறு, சந்தேகமே வேண்டாம்.

எஸ்கேப் அழுத்தி வெளியே வந்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே நுழைந்ததும் டிஎஃப் கட்டளையில் பூட் பார்ட்டிஷன் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். யூநேம் கட்டளையில் இப்போது ஓடும் கர்னல் எது என்று பார்த்து அதை விட்டுவிட்டு, மிகப் பழையதை ஏபிடி பர்ஜ் மூலமாக நீக்குங்கள். ஆர்எம் போட்டுக் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். தொகுப்புகளைக் கவனிக்கும் டிபிகேஜி-யின் கணக்கில் அந்தக் கர்னல் இன்னும் இருப்பதாகவே நிற்கும். பிறகு ஒவ்வொரு அப்டேட்டிலும் தொல்லை.

இடம் கிடைத்ததும் டிபிகேஜி-யைக் 'கான்ஃபிகர்', 'ஏ' தெரிவுகளோடு ஓட்டுங்கள். பாதியில் நின்ற வேலையை அதுவே முடிக்கும். கோப்பு இன்னும் வரவில்லையென்றால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை 'சி', 'கே' தெரிவுகளோடு, கர்னல் பதிப்பைக் கொடுத்து ஓட்டி, பிறகு அப்டேட்-கிரப். ரீபூட்டுக்கு முன் பூட் அடைவைப் பாருங்கள்: ஒவ்வொரு விஎம்லினக்ஸ் (கர்னல்) கோப்புக்கும் அதே பதிப்பு எண்ணோடு ஒரு இனிட்ஆர்டி ஜோடி இருக்க வேண்டும்.

பழைய கர்னல் ஒன்றுகூட இல்லையென்றால் உபுண்டு ஐஎஸ்ஓ-வை சிடி-யாக இணைத்து லைவ் முறையில் எழுப்புங்கள். ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, சிஎச்ரூட் வழியாக அந்த நிறுவலுக்குள் நுழைந்து மேலே சொன்னதையே செய்யலாம். பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. பூட் தனிப் பார்ட்டிஷன் என்றால் அதையும் முன்பே மவுன்ட் செய்ய வேண்டும். மறந்தால் புதிய கோப்பு ரூட்டிலுள்ள காலி பூட் அடைவில் போய் உட்காரும்; கோப்பு உருவானதாகத் தெரியும், விஎம் மட்டும் எழாது.

பேனிக் இல்லாமல் 'இனிட்ராம்எஃப்எஸ்' பிராம்ப்டில் நின்று, யூயூஐடி இல்லை என்று சொன்னால் அது வேறு கோளாறு. அங்கேயே ப்ராக் அடைவிலுள்ள பார்ட்டிஷன்ஸ் கோப்பைப் படித்துப் பாருங்கள். டிஸ்க் அதில் இல்லையென்றால் டிஸ்க் டிரைவர் உள்ளே சேராமல் இருக்கலாம். இடம் மிச்சம் பிடிக்க இனிட்ராம்எஃப்எஸ்-இன் மாட்யூல்ஸ் அமைப்பை 'டெப்' (தேவையான டிரைவர்கள் மட்டும்) என்று வைத்துவிட்டு, பிறகு டிஸ்க்கை வேறு பஸ்ஸுக்கு (டிஸ்க்கை இணைக்கும் வழி) மாற்றியவர்கள் இதில் மாட்டுவார்கள். பழைய பஸ்ஸுக்குத் திருப்பி எழுப்பி, அமைப்பை 'மோஸ்ட்' என்று மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்-ஐ மறுபடி உருவாக்கினால் போதும்.

எல்லாம் சரியானதும் இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு அந்த ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் ஹோஸ்ட் டிஸ்க்கில் இடத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.