கரண்ட், கேஸ் எதுவும் இல்லாத இடத்துல நல்ல ஃபில்டர் காபி போட முடியுமா?

கேள்வி கேட்டவரு மலையில டென்ட் போட்டு ரெண்டு நாள் தங்கப் போறாராம். இன்ஸ்டன்ட் புடிக்காதாம், மோக்கா பாட் வாங்கலாமா ஏரோபிரஸ் வாங்கலாமான்னு கேட்டிருக்காரு. ரெண்டும் வேணாங்க. வீட்ல பரண் மேல தூசி படிஞ்சி கெடக்கும் பாருங்க, ரெண்டு டம்ளர் அளவு சின்ன ஃபில்டர், அத எறக்குங்க போதும். ஆனா காலைல குடிக்கிற காபிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதுமே வேலைய ஆரம்பிச்சிடணும். இது தெரியாமத்தான் நாங்க மொத தடவ அசிங்கப்பட்டோம்.

நமக்கு வேலூர். தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு எங்க ஊர கிண்டல் பண்ற பழைய பேச்சு ஒண்ணு இருக்கு, கேட்டிருப்பீங்க. அதனால லீவு கெடச்சா மரம் இருக்குற மலையா பாத்து கெளம்பிடுவோம். ஏலகிரில இப்ப எங்க திரும்பினாலும் ரிசார்ட்டு, ஸோ ஜவ்வாது மலைதான். போளூர் வழியா ஏறி ஜமுனாமரத்தூர் தாண்டி தெரிஞ்சவர் ஒருத்தரோட சாமை நெலம் இருக்கு, அவர்ட்ட கேட்டுட்டு வரப்பு ஓரமா டென்ட் போட்டோம்.

விடியக்காலை அஞ்சரைக்கு எழுந்து, மூணு கல்ல வெச்சி சுள்ளி பொறுக்கி பத்த வெச்சி, தண்ணி கொதிக்கவே இருவது நிமிஷம் ஆயிடுச்சி, அத ஃபில்டர்ல ஊத்திட்டு நாலு பேரும் போர்வைய போத்திக்கினு சுத்தி ஒக்காந்து பாத்துக்கினே இருக்கோம், எறங்கவே இல்ல. ஒருத்தன் ஸ்பூனால தட்டுறான், ஒருத்தன் தூக்கி ஆட்டுறான். "இன்னாடா மச்சான் இது, சொட்டு கூட வரல"ன்னு தூள் மேல வெக்கிற அந்தக் குடை மாதிரி ஓட்டைத் தட்ட புடிச்சி அழுத்தினதுல தூளெல்லாம் பொங்கி மேல வந்து, கடைசில கெடச்சது கப்பிக் கலந்த கலங்கத் தண்ணி. பால் ஒரே பொகை நாத்தம். நாலு டம்ளரையும் அப்படியே வரப்புல கொட்டிட்டோம்.

வீட்டுக்கு வந்து ஆயா கிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிக்குது. "ராத்திரியே ஊத்தி வெச்சிட்டு தூங்காம, விடியக்காலைல தட்டிக்கினு ஒக்காந்தா எப்படி நைனா எறங்கும்?"

யோசிச்சா அதுல நியாயம் இருக்கு, சொட்டு சொட்டா எறங்க நேரம் வேணும்ல. அதோட குளிர்ல ஃபில்டரே ஐஸ் மாதிரி இருக்கும், கொதிக்கிற தண்ணி ஊத்தினாலும் அந்த எவர்சில்வரே கொஞ்சம் சூட்ட இழுத்துக்கும். ஆறின தண்ணிக்கு தூள்லேர்ந்து சாரம் சரியா எறங்காது. அதனால மொதல்ல கொஞ்சம் சுடுதண்ணிய ஃபில்டர் மேல்பாகம் கீழ்பாகம் ரெண்டுலயும் ஊத்தி அலசிக் கொட்டிடுங்க. அப்பறம் குமிச்ச மாதிரி நாலு ஸ்பூன் தூள், சுமாரா 20 கிராம் வரும். கட்டைவிரலால அமுக்காதீங்க, குடைய மேல வெச்சா போதும், அதோட வெயிட்டே சரி. முதல்ல தூள் நனையிற அளவுக்கு மட்டும் ஊத்தி அரை நிமிஷம் விட்டா தூள் உப்பி நிக்கும், அதுக்கப்பறம் மீதிய ஊத்துங்க, மொத்தம் 120லேர்ந்து 150 மில்லி. மூடி போட்டு துண்டுல இறுக்கி சுத்தி, ஒரு குண்டான்ல எறக்கி மேல தட்டு மூடி கல்ல வெச்சிட்டு தூங்கப் போயிடுங்க. காலைல தொறக்கும்போது துண்டு முழுக்க காபி வாசனை இருக்கும், அதுலயே பாதி தூக்கம் போயிடும். மலைக் குளிர்ல ராத்திரி முழுக்க இருந்தாலும் டிகாஷன் கெடாது. இதையே மே மாசம் வேலூர்ல செஞ்சா காலைல மணம் போயிருக்கும், சொல்லிட்டேன்.

தூள் வாங்கும்போது ஃபில்டர் காபிக்குன்னு சொல்லி அரைக்கச் சொல்லுங்க. நாங்க மொத தடவ எடுத்துட்டுப் போனது எஸ்பிரெஸோ மெஷினுக்கு அரைச்ச மாவு மாதிரி தூள், ஓட்டையெல்லாம் அடைச்சிக்கிச்சி. சிக்கரி வீட்ல நான் சேக்கமாட்டேன், மலைக்கு மட்டும் 80க்கு 20. ஏன்னா அங்க பால் சுமாராத்தான் இருக்கும், சிக்கரி அத கொஞ்சம் மறைச்சி திக்கா காட்டும். சில பாக்கெட்ல சின்ன எழுத்துல பாதிக்கு பாதி கிட்ட சிக்கரி இருக்கும், சட்டப்படி 49 சதவீதம் வரைக்கும் போடலாம், அதனால திருப்பிப் பாத்து வாங்குங்க.

நிஜமான தலைவலி பால்தான். பாக்கெட் பால் வாங்கி பைல போட்டா சாயங்காலத்துக்குள்ள திரிஞ்சிடும். டெட்ரா பேக்ல வர்ற யூஎச்டி பால், 135 டிகிரிக்கு மேல சில செகண்ட் சூடு பண்ணி அடைச்சது, பிரிக்காத வரைக்கும் ஃப்ரிட்ஜ் வேணாம். 200 மில்லி பேக்கா வாங்குங்க, ஒரு வேளைக்கு ஒண்ணு பிரிச்சா மிச்சமாகாது. லேசா காய்ச்சின வாசனை வரும், பழகிடும். பால் பவுடர்னா கொதிக்கிற தண்ணில நேரா கொட்டாதீங்க, கட்டி கட்டியாயிடும், வெதுவெதுப்பான தண்ணில கூழா கரைச்சிட்டு அப்பறம் சேருங்க.

விறகுல பால் காய்ச்சுறப்போ மூடிய எடுக்கவே கூடாது, பால் பொகைய சட்டுனு இழுத்துக்கும். பச்சை சுள்ளி போடாதீங்க. இன்னொண்ணு, ஆயா சொல்லிக் குடுத்தது, பாத்திரத்துக்கு வெளிப்பக்கம் அடியில சாம்பல தண்ணில கொழைச்சி பூசிட்டு அடுப்புல வெச்சா கரி பாத்திரத்துல புடிக்காது, கழுவும்போது அந்தப் பூச்சோட வந்துடும். ஸ்பாஞ்ச், சோப்பு எதுவும் தேவப்படல.

டிகாஷன மட்டும் எக்காரணம் கொண்டும் அடுப்புல வெக்காதீங்க. கொதிச்சா கசப்புதான் மிஞ்சும். சுடுதண்ணி இருக்குற பாத்திரத்துல ஃபில்டரோட கீழ்பாகத்த அஞ்சு நிமிஷம் நிக்க வெச்சா போதும், பால் மட்டும் பொங்கப் பொங்க இருக்கட்டும்.

மலை மேல தண்ணி சரியா கொதிக்காது, அதான் காபி நல்லா வரலன்னு எங்க செட்ல ஒருத்தன் இன்னும் சொல்லிக்கினு இருக்கான். சும்மா. சுமாரா 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கொறையும், ஏலகிரி 1,100 மீட்டர்னா 96 டிகிரி கிட்ட கொதிக்கும், காபிக்கு அதுவே கரெக்டான சூடு. லடாக்ல இருக்குற லே மாதிரி 3,500 மீட்டர் ஏறினா 88தான், அங்க வேணா அவன் பேச்ச கேக்கலாம். எங்களுக்கு பிரச்சனை உப்புத் தண்ணிதான், எங்க தெரு போர் தண்ணிய கொதிக்க வெச்சா பாத்திரத்துல வெள்ளையா படியும், அதுல போட்ட டிகாஷன் சப்புன்னு இருக்கும். கேன் தண்ணி எடுத்துக்கினு போங்க.

நெருப்பு விஷயம் வெளையாட்டு இல்லீங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அடுப்பு மூட்டவே கூடாது, 2018ல குரங்கணி காட்டுத்தீல என்ன ஆச்சின்னு தெரியும்ல. தனியார் நெலத்துல, ஓனர்கிட்ட கேட்டுட்டு, சுத்தி புல்ல செதுக்கிட்டு மூட்டுங்க, கெளம்பும்போது தண்ணி ஊத்தி சாம்பல கையால தொட்டுப் பாருங்க. கோடைல அதுவும் வேணாம், சின்ன கேஸ் ஸ்டவ் போதும்.

டவரா மறந்துட்டீங்கன்னா ரெண்டு எவர்சில்வர் டம்ளர்ல ஆத்திக்கலாம், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து நில்லுங்க. எங்க ஃபில்டர் இப்ப மச்சான் வீட்ல இருக்கு, போன பொங்கலுக்கு எத்துக்கினு போனவன் இன்னும் தரல.