ஜெர்மனியில் டர்னர் பயிற்சி: ஏஜென்டுக்குப் பணம் கட்டும் முன்

வலங்கைமான் தம்பிக்கு,

ஐடிஐ டர்னர் முடித்து கும்பகோணத்தில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன், ஜெர்மன் மொழியில் பி1 நிலைத் தேர்வு பாஸ், ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்கிறார், சிஎன்சி என்ற கணினி மெஷின் ஓட்டத் தெரிந்தால் பயிற்சியில் சமாளிக்கலாமா, குளிரும் சாப்பாடும் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கு நல்ல ஜாக்கெட் வாங்கிக்கொள்ளலாம். அரிசி பருப்பு இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அதை விடுங்கள். ஆறு லட்சம் என்று படித்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

இந்தப் பயிற்சிக்கு நாம் பணம் கட்டுவதில்லை, கம்பெனிதான் நமக்குச் சம்பளம் தருகிறது. 2025இல் சேர்ந்தவருக்கு முதல் வருடம் சட்டப்படி குறைந்தது மாதம் 682 யூரோ என்று இருந்தது. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள உலோகக் கம்பெனிகளில் ஆயிரத்தைத் தாண்டும். நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று விதி சொல்லும் தொகை 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். மிச்சம் எதற்கு என்று அந்த ஆளை வீட்டுக்கு வரச்சொல்லி, அப்பா அம்மா எதிரில் கேளுங்கள். எனக்காக என் அப்பா ஆறு மா நிலத்தை அடகு வைத்தார். ஜெர்மன் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்ட ஏஜென்ட் நகல் தரவே இல்லை. இங்கே வந்து இறங்கிய பிறகுதான், வாயால் சொன்ன தொழில் ஒன்று, தாளில் இருந்த தொழில் வேறொன்று என்று தெரிந்தது.

அதனால் ஒப்பந்தத்தில் தொழிலின் பெயரை முதலில் பாருங்கள். கடைசல் வேலைக்கு ‘ட்செர்ஷ்பானுங்ஸ்மெக்கானிக்கர்’ என்று இருக்க வேண்டும், காலம் மூன்றரை வருடம். இரண்டு வருடம் என்று போட்டிருந்தால் அது மெஷின் ஆபரேட்டர் பயிற்சியாக இருக்கலாம். அதுவும் கௌரவமான வேலைதான், மேலே தொடரவும் வழி உண்டு. ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே. ஒப்பந்தம் அந்த ஊர் தொழில் வர்த்தக சபையில் பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். முதல் ஒன்று முதல் நான்கு மாதம் வரை சோதனைக் காலம், அதற்குள் இரண்டு பக்கமும் நோட்டீஸ் இல்லாமல் நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் தவறு எதுவும் இல்லாமல் பயிற்சி நின்றுபோனால், வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. அந்த ஏற்பாட்டில்தான் நான் தப்பித்தேன்.

இப்போது சிஎன்சி. புரோகிராம் தெரிந்தால் நல்லது, ஆனால் அதை எடுத்துக்கொண்டு முதல் நாளே மெஷின் முன்னால் நிற்க முடியாது. முதலில் அரம். வைஸில் இரும்பைப் பிடித்து வாரக்கணக்கில் ராவ வைப்பார்கள். எங்கள் மைஸ்டர், அதாவது பட்டறைத் தலைவர், ராவிய முகத்தின் மேல் கத்தி விளிம்பு போன்ற நேர்விளிம்பை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். அடியில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார். பி.இ. படித்துவிட்டு அரம் பிடிப்பதா என்று முகம் சுளித்துப் பாதியில் போன நம் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இங்கே இருக்கும் நம் ஆட்களில் சிலரும், எண்ணெய்க் கறை படிந்த கையோடு பொங்கல் விழாவுக்குப் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். அந்த அரம்தான் என் கைக்கு அளவைக் கற்றுக்கொடுத்தது.

நம் பட்டறை வேலைக்கும் இங்குள்ள வேலைக்கும் வித்தியாசம் எங்கே என்று சொல்கிறேன். கும்பகோணத்தில் பம்ப்செட் ஷாஃப்ட் வந்தால், பேரிங் கண் எதிரில் இருக்கும். போட்டுப் பார்த்து, இறுக்கமாக இறங்கினால் வேலை முடிந்தது. இங்கே நாம் கடைந்த ஷாஃப்ட்டை எங்கோ ஒருவர், வேறு யாரோ செய்த துளையில் போடுவார். டிராயிங் தவிர நடுவில் எதுவும் இல்லை. 20 மில்லிமீட்டர் துளைக்கு டிராயிங்கில் எச்7 என்ற அளவு வரம்பு போட்டிருந்தால் 20.000க்குக் கீழே போகக்கூடாது, 20.021க்கு மேலேயும் போகக்கூடாது. அளப்பது 20 டிகிரியில். மெஷினிலிருந்து சூடாக எடுத்த 100 மில்லி ஸ்டீல், பத்து டிகிரி கூடுதலாக இருந்தாலே நூறில் ஒரு மில்லிக்கு மேல் நீண்டிருக்கும். தகரக் கூரைக்கு அடியில் சித்திரை வெயிலில் வேலை பார்த்தவர் நீங்கள், இது உங்களுக்குச் சட்டென்று புரியும். இன்னொன்று, இங்கே புள்ளி போடும் இடத்தில் கமா போடுவார்கள், 20,021 என்று. பார்த்து மிரள வேண்டாம்.

பி1 விசாவுக்குப் போதும், பயிற்சியோடு சேர்த்துப் போக வேண்டிய தொழிற்பள்ளிக்குப் போதாது. பயிற்சித் தேர்வு இரண்டு பாகம், முதல் பாகத்துக்கு 40 சதவீதம், இரண்டாவதற்கு 60. எல்லாம் ஜெர்மனில். என்னென்ன வேலை செய்தோம் என்று பயிற்சிக் குறிப்பேடும் எழுதிவர வேண்டும், அது இல்லாமல் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். எனக்கு அதை எழுதக் கற்றுக்கொடுத்தவர் எண்பதுகளில் வந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, சமையலறை மேசையில் என் வினைச்சொல்லை எல்லாம் திருத்துவார். அக்கா புட்டு அவித்து வைத்திருப்பார். அவர்கள் வந்தபோது ஏஜென்டும் இல்லை, வழி சொல்ல ஆளும் இல்லை. பின்னால் வந்த எனக்கு ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு லட்சம் கேட்கும் ஆளைப் பற்றிப் படித்தபோது அந்த வீடுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண்ணை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன். நகல் தரமாட்டேன் என்றால் அந்த ஏஜென்டுக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள்.