எழுந்துநின்ற பெருவழுதியும் பாஸ்வேர்டாசுரனும்: பகடி நாயகர்களுக்குப் பெயர் வைக்கும் வித்தை

கேள்வி: சூப்பர் ஹீரோ கதைகளைக் கிண்டலடித்து ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு அத்தியாயம் வரை திட்டம் இருக்கிறது. கதை ஓடுகிறது, பெயர்தான் இடிக்கிறது. நாயகன் 'சூப்பர் சோம்பேறிமேன்', வில்லன் 'டாக்டர் டெரர்', ஒரு பூதமும் உண்டு, அதற்கு 'கொட்டாவி ராட்சசன்' என்று பெயர். முதல் அத்தியாயத்தில் பெயரைப் படித்ததுமே நண்பர்கள் சிரித்தார்கள். மூன்றாவதில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எங்கே தப்பு? புகழ்பெற்ற ஹீரோக்களின் பெயரைத் திரித்து வைத்தால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் நாயகன் சோம்பேறி என்பதைப் பெயரே போட்டுடைத்துவிட்டது. பிறகு அவன் சோபாவை விட்டு எழாமல் கிடக்கும் காட்சியை நீங்கள் எவ்வளவு அழகாக எழுதினாலும் வாசகருக்கு அது பழைய சேதிதான். முழுச் சிரிப்பையும் முதல் அத்தியாயத்திலேயே செலவழித்துவிட்டீர்கள், மூன்றாவதில் கையில் காசில்லை.

பகடிப் பெயர் காதுக்கு நிஜமான வீரப் பெயராகவே ஒலிக்க வேண்டும். ஓசை முழுக்கக் கம்பீரம், பொருள் மட்டும் அற்பம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகிற இடத்தில்தான் சிரிப்பு வரும். 'சூப்பர்', 'மேன்' என்ற ஒட்டுகள் ஆயிரம் பேர் போட்டுக் கழற்றிய சட்டை. 1953இலேயே மேட் என்ற அமெரிக்க நகைச்சுவை இதழ் 'சூப்பர்டூப்பர்மேன்' என்று ஒரு பகடியை வெளியிட்டுவிட்டது. அந்த ஒட்டில் இன்னும் கம்பீரம் மிச்சமிருக்கிறதா என்பதே சந்தேகம்.

தமிழில் எழுதுபவருக்கு அதைவிடக் கனமான ஒட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. பூதங்களுக்கு 'ஆசுரன்' ஒன்று போதும். மகிஷாசுரன், பஸ்மாசுரன், பகாசுரன் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது, அந்த நான்கெழுத்து விழுந்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். மகிஷம் எருமை, பஸ்மம் சாம்பல். அதாவது முன்பாதி அசுரனின் உருவத்தையோ அவன் செய்யும் நாசத்தையோ சொல்கிறது. அந்த இடத்தில் எருமைக்குப் பதில் அன்றாட எரிச்சல் ஒன்றை உட்காரவையுங்கள்: சலிப்பாசுரன், நச்சரிப்பாசுரன், அப்டேட்டாசுரன், பாஸ்வேர்டாசுரன்.

இவை ஏன் இவ்வளவு இயல்பாக ஒட்டுகின்றன? சலிப்பு, நச்சரிப்பு, பாஸ்வேர்டு எல்லாமே குற்றியலுகரத்தில் முடிபவை. உயிரெழுத்து வந்ததும் அந்த உகரம் சத்தமில்லாமல் கழன்று இடம் விடுகிறது. மகரத்தில் முடியும் சொல் இன்னும் மேல். தாமதம் 'தாமதாசுரன்' ஆனால் ஏதோ ஒரு புராணத்தில் நிஜமாகவே இருந்த ஆள் போலத் தோன்றும். மறதியிலோ நடுவில் யகரம் நுழைந்து 'மறதியாசுரன்' என்று கொஞ்சம் தொய்கிறது. மோசமில்லை, ஆனால் தாமதாசுரன் பக்கத்தில் நிற்காது. இதையே 'பாஸ்வேர்டு பூதம்' என்று வைத்துப் பாருங்கள். இரண்டு துண்டாக நிற்கிறது, டப்பாவில் ஒட்டிய லேபிள் மாதிரி. புணர்ச்சி நடந்தால்தான் பெயருக்கு உயிர் வருகிறது. தமிழாசிரியர்கள் என்னை மன்னிக்கட்டும், புணர்ச்சி விதிக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியாது.

நாயகனுக்கு வேறு அச்சு வேண்டும், அதற்குச் சங்க காலத்துக்குப் போகலாம். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. பிற்காலத்தில் ராஜேந்திர சோழனுக்குக் கடாரம் கொண்டான். இந்தப் பெயர்களில் ஒரு செயல் ஒளிந்திருக்கிறது: எங்கோ வென்றான், எதையோ கொண்டான். அந்தச் செயலை மட்டும் மாற்றுங்கள். 'ரிமோட் கொண்டான்.' 'லிஃப்ட் வராது படியேறி வென்ற நெடுஞ்செழியன்.' உங்கள் சோம்பேறி நாயகனுக்கு என் யோசனை 'எழுந்துநின்ற பெருவழுதி'. பெயரில் சோம்பல் என்ற சொல்லே கிடையாது. ஒரு மனிதன் எழுந்து நின்றதற்கே பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், மற்ற நாளெல்லாம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார். ஏன் எழுந்தான், எப்போது எழுந்தான் என்பதை ஐந்தாம் அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீளப் பெயரில் இன்னொரு லாபமும் உண்டு. கட்டியக்காரன் முழுப் பட்டத்தையும் சொல்லி முடிப்பதற்குள் அசுரன் ஊரை அழித்துவிட்டுப் போய்விடலாம். ஒவ்வொரு சாகசத்துக்குப் பிறகும் பட்டத்தில் ஒரு சொல்லைக் கூட்டிக்கொண்டே போகலாம், பெயரே தொடரின் கதைச் சுருக்கமாகிவிடும். ஆனால் கூப்பிட ஒரு சின்னப் பெயர் கட்டாயம் வேண்டும். ஓடும்போதும் அடிவாங்கும்போதும் யாரும் 'முதுகுடுமிப் பெருவழுதியே' என்று கத்த மாட்டார்கள். 'வழுதி!' போதும்.

கத்துவது என்றதும் பலரும் கவனிக்காத ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் மொழியில் பெயர் சும்மா நிற்பதில்லை, வேற்றுமை உருபுகளைச் சுமந்துகொண்டு நடக்கிறது. ஒரு பெயரை முடிவு செய்யும் முன் ஐ, ஆல், கு எல்லாம் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தாமதாசுரனை, தாமதாசுரனுக்கு, தாமதாசுரனோடு: எதுவும் இடறவில்லை. அன் விகுதியில் முடியும் பெயருக்கு விளியும் தயார், 'அடேய் தாமதாசுரா!' என்றால் வசனம் தானாக நாடக மேடை ஏறிவிடுகிறது. 'டாக்டர் டெரர்' என்பவனை அப்படிக் கூப்பிட முடியுமா? 'டாக்டர் டெரரே' என்றால் விண்ணப்பம் எழுதுவது போல இருக்கிறது. வில்லனை 'அவன்' என்று சுட்டுவதா, 'அவர்' என்பதா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். ஊரையே விழுங்கும் பூதத்தைக் கதைசொல்லி கடைசிவரை 'பாஸ்வேர்டாசுரன் அவர்கள்' என்று மரியாதை குறையாமல் சொன்னால், அது ஒன்றே பல பக்கங்களுக்குத் தாங்கும்.

டாக்டர் டெரரின் சிக்கல் வேறு. அது நேரடியான சாகசக் கதையிலும் அப்படியே பொருந்தும், பகடி எதுவும் நடக்கவே இல்லை. விட மனமில்லை என்றால் அவரை நிஜ டாக்டராக்கிவிடுங்கள். டெரர் என்பது குடும்பப் பெயர், வரவேற்பறையில் நோயாளிகள் டோக்கனோடு காத்திருக்கிறார்கள்.

கொட்டாவி ராட்சசனில் மட்டும் நீங்கள் புதையலுக்கு மேலேயே நின்றுகொண்டு கவனிக்காமல் இருக்கிறீர்கள். 'கொட்டாவி' என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே ஓர் ஆவி குடியிருக்கிறது. ராட்சசனைத் துரத்திவிடுங்கள். வெறும் 'கொட்டாவி', அவ்வளவுதான் பேயின் பெயர். ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வருவது உலகறிந்த விஷயம். ஆக இந்த ஆவி வாய்விட்டு வாய் தாவுகிறது. பேயோட்டி மந்திரத்தைத் தொடங்கும்போதே அவருக்கும் வாய் திறந்துவிடுகிறது. பெயரைச் சரியாகக் கேட்டால் கதையே அதற்குள்ளிருந்து இறங்கி வரும். சொல்லுக்குள் சொல் ஒளிந்திருக்கும் இப்படிப்பட்ட இடங்களை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

ஓசை பற்றியும் கொஞ்சம். மூளை ஆய்வாளர்கள் ராமச்சந்திரனும் ஹப்பர்டும் 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. கூர் கூராக ஒரு வடிவம், குமிழ் குமிழாக இன்னொன்று. எது 'கிகி', எது 'பூபா' என்று கேட்டால் 95 சதவீதம் பேர் கூரானதைக் கிகி என்றார்கள். வல்லினம், மெல்லினம் என்று எழுத்துகளுக்கே பெயர் வைத்தவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது. பயங்கரப் பூதம் வேண்டுமென்றால் க, ட, ற எல்லாம் இரட்டித்து 'கிடுக்கட்டன்' என்பது போல ஏதாவது புனையலாம். பகடிக்கு அதைக் கவிழ்த்துவிடுங்கள். மலையளவு மிருகத்துக்கு 'லாலுமலூ', அதன் காலடியில் நடுங்கும் எலிக்குக் கிடுக்கட்டன்.

மோனை நினைவில் ஒட்டும். அதனால்தான் மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீ தன் பாத்திரங்களுக்குப் பீட்டர் பார்க்கர், ரீட் ரிச்சர்ட்ஸ் என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களாக வைத்தார். அப்படியும் ஹல்க்காக மாறும் புரூஸ் பேனரைச் சில கதைகளில் பாப் பேனர் என்று எழுதிவிட்டு, பிறகு 'அவன் முழுப்பெயர் ராபர்ட் புரூஸ் பேனர்' என்று சமாளிக்க வேண்டியதாயிற்று. மோனையைத் தனி ஆளுக்கு வையுங்கள், எதுகையை ஜோடிக்கு. தும்மலாசுரன், விம்மலாசுரன் என்று இரட்டையர் வந்தால் அவர்கள் அண்ணன் தம்பி என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டு சொற்களைக் குழைத்து ஒன்றாக்குவது இன்னொரு வழி. 1954இல் திரைக்கு வந்த காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர் 'கோஜிரா', கொரில்லாவைக் குறிக்கும் 'கொரிரா'வும் திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா'வும் கலந்தது. கலவையில் இரண்டு மூலச் சொற்களின் நிழலும் தெரிந்தால் போதும், முழுதாகத் தெரிய வேண்டாம்.

ஆங்கிலச் சிலேடையைத் தமிழ் எழுத்தில் கொண்டுவருவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. வௌவாலுக்கும் கெட்டவனுக்கும் நாம் எழுதுவது ஒரே 'பேட்'. காதில் விழும் வித்தியாசம் கண்ணில் படாது, அடைப்புக்குறியில் விளக்கம் போட்டால் நகைச்சுவை செத்துவிடும்.

யாரைக் கிண்டலடிக்கிறோம் என்பதையும் பெயரே காட்டிக்கொடுத்துவிடும். ஒருவரின் சாதியையோ, நிறத்தையோ, உடல் குறையையோ, பேச்சு வழக்கையோ வைத்துச் செய்த பெயர்களை எனக்கு வரும் கதைகளில் பார்த்தால் படிப்பதை நிறுத்திவிடுவேன். அதிகாரம், அகங்காரம், அன்றாட எரிச்சல் என்று பகடிக்கு எவ்வளவோ தீனி இருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். பெயருக்கும் குறுஞ்சொற்றொடருக்கும் அமெரிக்காவில் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, ஆனால் டிரேட்மார்க் உண்டு. அதன் பலம் எவ்வளவு என்பதற்குக் கேப்டன் மார்வெலின் கதையே சாட்சி. 1940இல் ஃபாசெட் நிறுவனம் தொடங்கிய அந்த நாயகன், சூப்பர்மேனின் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கால் 1953இல் நின்றுபோனான். 1967இல் மார்வெல் அதே பெயரில் சொந்தமாக ஒரு நாயகனை இறக்கியது. பழைய நாயகனை 1970களில் டிசி என்ற காமிக்ஸ் நிறுவனம் மீட்டெடுத்தபோது இதழின் தலைப்பாக அவன் பெயரைப் போட முடியாமல், அவன் சொல்லும் மந்திரமான 'ஷஸாம்' என்பதையே தலைப்பாக்கியது. 'சூப்பர் ஹீரோ' என்ற சொல்லையே இரு நிறுவனங்களும் கூட்டாக டிரேட்மார்க்காகப் பதிந்துவைத்திருந்தன, 2024 செப்டம்பரில்தான் அமெரிக்கத் தீர்ப்பாயம் அந்தப் பதிவுகளை ரத்து செய்தது.

பகடி என்று சொல்லிவிட்டாலே கவசம் வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். மதுப்புட்டியைக் கிண்டலடித்து, நாய்கள் கடித்து விளையாடுவதற்காகச் செய்த ஒரு பொம்மை பற்றிய வழக்கில், திரித்த பெயரைத் தன் சரக்குக்கே அடையாளமாக வைப்பவருக்கு வழக்கமான கருத்துச் சுதந்திரச் சலுகை கிடைக்காது என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே திரித்த பெயருள்ள ஆள் கதைக்குள் ஒரு காட்சியில் வந்து போவது ஒன்று, அந்தப் பெயரையே தொடரின் தலைப்பாகவும் டி-ஷர்ட்டாகவும் போடுவது வேறு. நண்பர்களுக்குள் படிக்கும் வரை பெரிய கவலை இல்லை. விற்கத் தொடங்கும் முன் உங்கள் நாட்டு டிரேட்மார்க் பதிவேட்டில் தலைப்பைத் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். எழுந்துநின்ற பெருவழுதிக்கு எந்த கம்பெனியும் உரிமை கொண்டாடாது என்றுதான் நினைக்கிறேன்.