சனிக்கிழமை அந்தப் படகைக் கழற்றாதீர்கள்

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறேன். 14 அடி நீளமான பழைய அலுமினிய மீன்பிடிப் படகொன்றை 4,200 டொலருக்கு வாங்கி, வயரிங் முழுவதையும் மாற்ற ஒரு பட்டறைக்கு 1,450 டொலர் கொடுத்தேன். சிம்கோ ஏரியில் ஒரு பருவம்தான் ஓட்டினேன். இப்போது அடித்தகட்டில் வெண்பொடி பூத்து, ஊசித் துளைகளால் தண்ணீர் வருகிறது. பம்பின் கறுப்பு வயரைப் படகின் உடலிலேயே திருகியிருக்கிறார்கள். பற்றரி அருகே ஃபியூஸ் இல்லை. கேட்கப் போன என்னைப் பட்டறைக்காரர் ஆட்கள் முன்னால் அவமானப்படுத்தினார். பற்றுச்சீட்டில் ‘உத்தரவாதம் இல்லை’ என்று இருப்பதைக் காட்டினார். பிறகு 900 டொலர் தருவதாகச் செய்தி அனுப்பினார். நான் மறுத்துவிட்டேன். பச்சை நிறப் பதப்படுத்திய பலகை வாங்கி நானே அடித்த தரையும் வீணாகிவிட்டது. சனிக்கிழமை நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றிச் சரிசெய்து தருகிறார். வழக்குப் போட்டால் வெல்வேனா?

பதில்: அவமானத்துக்கு எந்த நீதிபதியும் பணம் வாங்கித் தரமாட்டார். ‘உத்தரவாதம் இல்லை’ என்ற வரிக்கும் பயப்படவேண்டாம். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவை நியாயமான தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. பற்றுச்சீட்டில் எதை அச்சடித்தாலும் அந்தக் கடமை போகாது. பொதுவாகப் பற்றரியிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும், மின்சாரம் திரும்பிவரும் பாதையாகப் படகின் உடலைப் பயன்படுத்தக்கூடாது என்பவை படகு வேலை செய்பவர்கள் அறிந்த விதிகள். வேலை மோசம் என்பதைக் காட்ட நல்ல படங்களும், தேர்ச்சி பெற்ற ஒருவரின் அறிக்கையும் போதும்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு முக்கியமான வரி நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான்: பச்சை நிறப் பலகை. அந்தப் பலகையைப் பதப்படுத்தும் மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரமாகி அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே தகட்டைத் தின்றுவிடும். படகின் உடலில் கசியும் மின்சாரம் உண்டாக்கும் அதே வெண்பொடி, அதே ஊசித் துளைகள். எதிர்த்தரப்பு நிபுணர் முதலில் தூக்கிப் பார்ப்பது அந்தத் தரையைத்தான். அடுத்து, வெளியிணைப்பு எஞ்சின் வழியாகப் பற்றரியின் எதிர்முனை எப்படியும் படகின் உடலோடு சேர்ந்துதான் இருக்கிறது, ஆகவே வயரை மட்டும் குறைசொல்ல முடியாது என்பார். அதுவும் பெரும்பாலும் உண்மைதான். ஓட்டையை உண்டாக்கியது வயரா, பலகையா என்று நிறுவும் சுமை உங்களுடையது. வயரிங்குக்குக் கொடுத்த 1,450 டொலர் உங்கள் பலமான கோரிக்கை, அடித்தகடு பலவீனமானது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி 6,000 கேட்டுப் போனால், பலவீனமானது பலமானதையும் இழுத்துக்கொண்டு மூழ்கும்.

ஆகவே சனிக்கிழமை வேலையை நிறுத்துங்கள். என்னிடம் வருபவர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். பளபளவென்று சரிசெய்த பொருளோடும், கைபேசியில் மங்கலான இரண்டு படங்களோடும் வந்து நிற்கிறார்கள். பழைய வயர் குப்பைக்குப் போயிருக்கும். பலகையைத் தெரிந்தே கழற்றி எறிந்தால் நிலைமை இன்னும் மோசம்: சாட்சியத்தை அழித்தீர்கள் என்பார்கள், பிறகு உங்கள் மற்றச் சொற்களையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் கேட்பார். கறுப்பு வயர் திருகப்பட்ட இடத்தை, அளவுநாடாவை அருகில் வைத்து, பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பலகையையும் எடுங்கள். கழற்றுவதற்கு முன்பு பட்டறைக்கு எழுத்தில் அறிவித்து, வந்து பார்க்க நாள் கொடுங்கள்.

இதற்குப் பிறகும் நான் சொல்வது: சமரசம் செய்யுங்கள். சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வென்றாலும், சட்டத்தரணிக்காகக் கிடைக்கும் செலவுத் தொகை பொதுவாகக் கோரிய தொகையின் 15 வீதத்தைத் தாண்டாது. நிபுணர் அறிக்கைக்கான நியாயமான செலவு வென்றால் திரும்பக் கிடைக்கலாம், ஆனால் முதலில் அது உங்கள் பையிலிருந்துதான் போகும், தோற்றால் திரும்பாது. 1,450 கேளுங்கள், 1,100 வந்தால் வாங்குங்கள், 900க்கு மேல் ஏறாவிட்டால் அதையும் வாங்குங்கள். பலகையைப் பற்றி அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பொய்யால் பெற்ற உடன்பாட்டை நீதிமன்றம் பின்னர் ரத்துச் செய்யலாம். பேச்சு நடக்கும்போதும் வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டுக் காலக்கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கையெழுத்துக்கு நீட்டப்படும் விடுவிப்புப் பத்திரத்தை, அதாவது இனி எதுவும் கோரமாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதை, வரிவரியாகப் படியுங்கள். ‘தெரிந்ததும் தெரியாததுமான எல்லாக் கோரிக்கைகளும்’ என்று இருந்தால் வெட்டுங்கள். ஃபியூஸ் இல்லாத அந்த வயர் சூடாகித் தீப்பற்றி யாருக்காவது காயம் ஏற்பட்டால், அந்த வாசகம் உங்கள் வாயை அடைத்துவிடும். விடுவிப்பு இந்த வயரிங்குக்கும் படகுச் சேதத்துக்கும் மட்டுமே என்று எழுதச் சொல்லுங்கள். பணம் கைக்கு வந்தபிறகே பேனாவைத் திறவுங்கள்.

அந்த வயரோடு படகைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. ஃபியூஸ் இல்லை என்று எனக்கு எழுதியே விட்டீர்கள். தெரிந்துகொண்டு நண்பர்களை ஏற்றிப்போய் ஏதாவது நேர்ந்தால், அடுத்த வழக்கில் பிரதிவாதி நீங்கள்தான். அப்படியே விற்பதானால், வயரிங்கையும் தகட்டையும் பற்றி வாங்குபவருக்கு எழுத்தில் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள்.