அக்காள் மகன் கையில் வீட்டுச் சாவி

கேள்வி: செப்டம்பர் நடுவில் கணவரும் நானும் ஆறு வாரம் தமிழ்நாடு போகிறோம். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் என் அக்காள் மகன், நாங்கள் வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். நல்ல பையன்தான், ஆனால் தனியாக ஒரு வீட்டில் இருந்து பழக்கமில்லை. நான்கு பக்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். புரட்டாசி வேறு வருகிறது. சொந்தத்துக்குள் மனஸ்தாபம் வராமல் இன்னும் என்னவெல்லாம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அந்த நான்கு பக்கத்தை அவன் படிக்க மாட்டான், அம்மா. என் அண்ணன் மகனும் படிக்கவில்லை. நாங்கள் ஊரில் இல்லாத ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. கேட் மோட்டாரின் பேட்டரி பழசு, கேட் அசையவில்லை. மோட்டார் பெட்டியில் சின்னச் சாவியைப் போட்டுத் திருப்பினால் கையாலேயே தள்ளலாம் என்று மூன்றாம் பக்கத்தில் விளக்கமாக எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் வீட்டுக்குள் இருந்தது, அவன் தெருவில் நின்றான். சுவரேறிக் குதித்தான். அலாரத்தின் பேட்டரி மட்டும் நன்றாக இருந்திருக்கிறது! கொஞ்ச நேரத்தில், அலாரம் அடித்தால் வரும் தனியார் காவல் கம்பெனி ஆள் துப்பாக்கியோடு வந்து பாஸ்வேர்ட் கேட்டார். அது நாலாம் பக்கத்தில்.

அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரக் கடைசியில் அவனை ஒரு ராத்திரி தங்க வையுங்கள். எல்லாவற்றையும் அவன் கையாலேயே செய்யட்டும். கேட்டைக் கையால் திறக்கட்டும். மின்சார மீட்டரில், கரண்டுக்கு முன்பணம் கட்டி வாங்கும் டோக்கனின் 20 எண்களையும் அவனே அமுக்கட்டும். காவல் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு அலாரத்தை அடிக்க விடுங்கள். போன் வந்ததும் அவனே பாஸ்வேர்ட் சொல்லட்டும். நீங்கள் டீயை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். கஷ்டம்தான். அவன் எங்கே திணறுகிறானோ அதை மட்டும் ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். கூடவே போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, பிளம்பர் நம்பர்.

பிளம்பர் என்றதும் கீசர் ஞாபகம் வருகிறது. நம் வீடுகளில் அது சீலிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. வெடித்தால் தண்ணீர் கட்டில்மேல்தான் கொட்டும். வீட்டு மின்சாரச் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் டிபி போர்டில் கீசர் சுவிட்ச் எது, தெருத் தண்ணீரை நிறுத்தும் திருகு எங்கே என்று இருட்டிலும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் திருகு பல வீடுகளில் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். இப்போதே ஒரு தடவை திருகிப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் புரோக்கரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீடு இத்தனை நாளுக்குமேல் ஆளில்லாமல் கிடந்தால் திருட்டுக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கிறது. ஆள் வெளியே போகும்போது அலாரம் போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். ரொட்டி வாங்க ஐந்து நிமிடம் போனாலும் அலாரம் போட வேண்டும் என்று பையனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

குரங்கைப் பற்றி அவனுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை, டர்பன் பையன்தானே. ஆனால் உங்கள் சமையலறை ஜன்னலில் எந்தக் கொக்கி சரியாக விழாது என்பது அந்தக் குரங்குகளுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

புரட்டாசிக்கு வருவோம். ஒரு மாதம் முழுக்க நீ மரக்கறிதான் சாப்பிட வேண்டும் என்று மாணவனிடம் சொன்னால் சரி என்பான், அப்புறம் ஒளித்துக் கொண்டுவருவான். வீட்டுக்குள் மாமிசம் வேண்டாம், வெளியே உன் இஷ்டம் என்று நேராகச் சொல்வது மேல். விரதப் பாத்திரங்களை அவன் எதிரிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். அவன் இல்லாதபோது பூட்டினால்தான் அக்காள் வீடுவரை பேச்சு போகும். சனிக்கிழமை விளக்கேற்றச் சொல்லலாம், ஆனால் அதை எரியவிட்டுவிட்டு வெளியே போகக் கூடாது.

பணம்? கரண்ட் டோக்கனுக்கும் சாப்பாட்டுக்கும் முன்னாடியே கொடுத்துவிடுங்கள், கேட்க அவனுக்குக் கூச்சமாக இருக்கும். ஆறு வாரத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு சட்டை மட்டும் வாங்கி வந்தால் நான் அவன் பக்கம்தான் பேசுவேன்.

கறிவேப்பிலை பறிக்க யார் யார் பின்பக்கமாக வருவார்கள் என்பதையும் அவனிடம் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் எதிர்வீட்டு ஆயாவைப் பார்த்துப் பேனிக் பட்டனை அமுக்கிவிடப் போகிறான்.