தூக்க மாத்திரையைக் குறைக்கும்போது தூக்கம்: வாசகர் கேள்விகள்

10 வருடமாக லோராசெபாம் என்ற தூக்க மாத்திரை போட்டுவந்தேன். மகன் திட்டியதால் 3 நாளுக்கு முன் அடியோடு விட்டுவிட்டேன். கை நடுங்குகிறது, கண் மூடவே இல்லை. (ஈசூன்)

அம்மா, மீதியை அப்புறம் படியுங்கள், இன்றே டாக்டரைப் பாருங்கள். இவ்வளவு காலம் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். வலிப்பு வந்தாலோ, பேச்சு குழம்பினாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தாலோ வீட்டில் உள்ளவர்கள் உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டும். மகனிடமும் சொல்லுங்கள், இது மனவுறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

மாத்திரையை முழுவதும் நிறுத்த ஒரு வருடம்கூட ஆகலாம் என்கிறார் டாக்டர். இவ்வளவு மெதுவாகவா? (தெம்பனிஸ்)

ஆமாம். 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, அப்போது எடுக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பதுதான் பொதுவாகப் பாதுகாப்பான தொடக்கம். கடைசிப் பகுதிதான் பலருக்குக் கஷ்டம், அங்கே அவசரப்படாதீர்கள். ஒரு படியில் தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு அதே அளவில் சில வாரம் நிற்கலாம், அது தோல்வி இல்லை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை மட்டும் நீங்களாக வெட்டவே வேண்டாம், மருந்தாளரைக் கேளுங்கள்.

அளவைக் குறைத்ததிலிருந்து கெட்ட கனவு, இரவு 2 மணிக்கு விழிப்பு. எனக்கு மாத்திரை இல்லாமல் முடியாதோ? (உட்லண்ட்ஸ்)

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த மருந்துகள் ஆழ்ந்த தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் அமுக்கி வைக்கின்றன, அளவு குறையும்போது கனவு திரும்பப் பொங்கி வரும், தூக்கமும் கொஞ்ச நாள் முன்பைவிட மோசமாகத் தெரியும். பெரும்பாலும் அது மூளை பழகிக்கொள்வதன் அறிகுறி, உங்கள் உண்மையான தூக்கத்தின் அளவுகோல் இல்லை.

2 மணிக்கு விழித்தால் கைப்பேசியில் நேரம் பார்க்காதீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குப் போங்கள். இரவு எப்படிப் போனாலும் எழும் நேரம் மாறக் கூடாது, என்னைக் கேட்டால் இந்த ஒன்றைத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். இங்கே சிங்கப்பூரில் வருடம் முழுக்க 7 மணி வாக்கில் விடிந்துவிடுகிறது, அந்த வெளிச்சத்தில் புளோக்கைச் சுற்றி அரை மணி நேரம் நடங்கள். தூங்குவது 6 மணி நேரம்தான் என்றால் 9 மணி நேரம் படுத்துப் புரள்வதில் லாபமில்லை. அப்புறம் காப்பி: காஃபீனில் பாதி வெளியேறவே பலருக்கு 5 மணி நேரம் ஆகும், ஆகவே மாலை 4 மணி கோப்பி-ஓ இரவு 9 மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கமின்மைக்கான சிபிடி சிகிச்சை (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் முறை) பற்றியும் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள், மாத்திரை குறைக்கும் காலத்தில் அது நன்றாகவே கைகொடுக்கிறது.

மாத்திரைக்குப் பதிலாக ஒரு பீர் குடிக்கலாமா? (ஜூரோங்)

வேண்டவே வேண்டாம். மதுவும் மூளையில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. அரிப்புக்கும் சளிக்கும் கொடுக்கும், தூக்கக் கலக்கம் தரும் மாத்திரையையும் தூக்கத்துக்கென்று எடுக்காதீர்கள், வயதானவர்கள் தடுமாறி விழ அதுவும் ஒரு காரணம்.

ஊரிலிருந்து அல்பிரசோலம் (லோராசெபாம் வகை மாத்திரைதான்) வாங்கிவரச் சொல்லலாமா? (சிராங்கூன்)

கூடாது. இன்னொருவர் கையில் உங்களுக்கென்று கொடுத்துவிடச் சொன்னால் அவருக்கும் சட்டச் சிக்கல் வரலாம். அதோடு, டாக்டருக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு மாத்திரை அட்டை இருந்தால், கெட்ட இரவு ஒன்று வந்ததும் கை அங்கேதான் போகும், குறைத்த கணக்கெல்லாம் குழம்பிவிடும். மாத்திரை போதவில்லை என்று தோன்றினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.