முகம் சிவக்கிறதா, காந்துகிறதா?

கேள்வி: எனக்கு வயது 47. மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேச எழுந்தால் முகம் சூடாகிவிடும். மாநிறம் என்பதால் வெளியே தெரியாது என்று இருந்துவிட்டேன். சில மாதங்களாக வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், ராத்திரி தூக்கத்திலும்கூட வருகிறது. அம்மா கூச்ச சுபாவம் என்கிறார், கணவர் பிரஷர் என்கிறார். டாக்டரிடம் இங்கே பேசும் கிரியோல் மொழியில் 'ஃபிகிர் ரூஸ்' (முகம் சிவப்பு) என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எப்படிச் சொல்வது, என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு வருவது இரண்டு வேறு தொல்லைகள் என்று தோன்றுகிறது, சகோதரி. முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம்.

சின்ன வயதிலிருந்து வருவது நாணச் சிவப்பு. எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு, முகத்தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. கன்னமும் காதும் சுடுகின்றன. எந்த நிறத்தவருக்கும் ரத்தம் இப்படித்தான் பாய்கிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் தோலின் நிறமி அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். 1836-ல் நம் போர்ட் லூயியில் வந்து இறங்கிய டார்வின், 1872-ல் உணர்ச்சிகள் முகத்தில் தெரிவதைப் பற்றி எழுதியபோது இதைக் கவனித்திருக்கிறார். ஒரு கறுப்பினப் பெண்ணின் முகத்தில் இருந்த தழும்பு, யாராவது அவளிடம் சட்டென்று பேசினாலோ சின்னக் குற்றம் சொன்னாலோ சிவந்துவிடும் என்று ஒரு மருத்துவர் கண்டதை அதில் எடுத்துச் சொல்கிறார். நிறமி இல்லாத அந்தத் தழும்பில் மட்டும் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தது.

அதனால் நம்மவர்களிடம் "முகம் சிவக்கிறதா?" என்று நான் கேட்பதில்லை. "காந்துகிறதா, காது சுடுகிறதா?" என்றுதான் கேட்பேன்.

தமிழில் இதற்குச் சொற்கள் நிறைய. நாணம், கூச்சம், வெட்கம் எல்லாம் மனசைச் சொல்கின்றன. காந்தல், எரிச்சல், அனல் அடிப்பது, குப்பென்று ஏறுவது எல்லாம் உடம்பைச் சொல்கின்றன. சிவப்பு கோபத்துக்கும் போகும். தொல்காப்பியம் கறுப்பு, சிவப்பு இரண்டையுமே வெகுளிக்குரிய சொற்களாகச் சொல்கிறது. நாலு பேர் முன்னால் தலைகுனிய நேர்ந்தவரை 'முகம் கறுத்துப்போச்சு' என்கிறோமே, மாநிறத் தோலில் ரத்தம் ஏறும்போது தெரிகிற நிறத்தைத்தான் நம் ஆட்கள் அப்படிப் பார்த்திருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நீங்கள் தமிழ் டீச்சர், உங்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். கிரியோலில் 'ஒந்த்' (வெட்கம்) என்றால் டாக்டர் உங்கள் மனசைப் பற்றி யோசிப்பார், 'ரூஸ்' என்றால் தோலைப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார். 'சோ' என்று சூட்டைச் சொல்லுங்கள். எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, வியர்க்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சில மாதங்களாக வரும் இரண்டாவது தொல்லைக்கு வியர்வைதான் முக்கியமான துப்பு. நெஞ்சில் தொடங்கிக் கழுத்து வழியாக அனல் ஏறி, சில நிமிஷம் வியர்த்துக் கொட்டி, அப்புறம் லேசாகக் குளிரெடுத்தால், உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து அனலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ராத்திரியில் எழுப்பிவிடுவதும் இதன் குணம்தான். மாதவிடாய் தேதி தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் உடம்பு சூடாகும், படபடக்கும். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அனல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். ஹார்மோன் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. மார்பகப் புற்றுநோயோ ரத்தக் கட்டியோ முன்பு வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்படிப்பட்டவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

பிரஷர் பற்றி உங்கள் கணவர் கவலைப்படுவது நியாயம். ஆனால் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, முகத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. கருவியில் அளந்து பாருங்கள். அவருடைய மாத்திரையை எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டாம். அம்லோடிபின் போன்ற சில பிரஷர் மாத்திரைகளே முகத்தைச் சூடாக்கும்.

நம் ஊரில் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. சூரை மீன் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் காந்தி, தலை வலித்து, படபடத்தால், பிடித்த மீனைச் சரியாகக் குளிர வைக்காததால் அதில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போலச் சிவக்க வைக்கும் பொருள் சேர்ந்திருக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. மூச்சு முட்டினாலோ உதடு வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதே மாதிரி, முகம் வெளுக்க என்று பூசுகிற சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும். இப்படி வரும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். நீங்கள் பூசுகிறீர்கள் என்றால் ஒளிக்காமல் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினாலும் எரிச்சல் கூடும் என்பதால் டாக்டர் சொல்கிறபடி குறைக்க வேண்டும்.

சரி, பழைய நாணச் சிவப்புக்கு வருவோம். அதை அடக்க முயன்றால் இன்னும் ஏறும். பேச எழும்போது உங்கள் கன்னத்தைக் கவனிக்காமல், கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகுங்கள். கவனத்தை வெளியே திருப்பும் இந்தப் பயிற்சியை உளவியல் சிகிச்சையிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படியும் பேச்சையே தவிர்க்கும் அளவுக்குப் பயம் வந்தால் சிலருக்கு படபடப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை தருவோம், ஆஸ்துமா இருந்தால் அது கூடாது. வியர்வைக்காக நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் அறுவையை இதற்கும் செய்கிறார்கள். அதற்குப் பிறகு முதுகும் வயிறும் அளவுக்கு மீறி வியர்க்கத் தொடங்கி அவதிப்பட்டவர்கள் உண்டு, அதனால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: மணி, எங்கே இருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், வியர்த்ததா. பள்ளியில் வருவதும் ராத்திரி வருவதும் தனித்தனிப் பக்கத்தில் இருக்கட்டும். அந்த நோட்டையும், இப்போது போடுகிற மாத்திரை அட்டைகளையும் கிரீம் டியூபையும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.